மெக்காய் மறைத்த சாட்சி



ஒரு வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே வழங்குங்கள்.

நியூயார்க் மாநகரில் ஒருவன் மூக்கு முட்டக் குடித்துவிட்டுக் காரை ஓட்டுகிறான். அந்தக் கார் மூன்று உயிர்களைப் பறித்துவிடுகிறது. வழக்கை நடத்தும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் இதனைக் குடிபோதையில் நேர்ந்த விபத்து என்று விட்டுவிடத் தயாரில்லை. 'திட்டமிட்டே கொன்றான்' என்று கொலைக் குற்றம் சாட்டுகிறார். ஆனால் அவருக்கு ஓர் இடைஞ்சல் இருக்கிறது. அம்மனிதன் அன்று எவ்வளவு குடித்திருந்தான் என்பதை நேரில் கண்ட சாட்சி ஒருவர் உண்டு. அந்தச் சாட்சி மன்றத்தில் வாய் திறந்தால், 'தன்னிலை மறந்து கிடந்தவனுக்குக் கொல்லும் எண்ணம் எங்கிருந்து வந்தது?' என்று எதிர்த்தரப்பு கேட்கும். கொலைக் குற்றச்சாட்டு அந்த இடத்திலேயே சரிந்துவிடும். எனவே அரசு வழக்கறிஞர் அந்தச் சாட்சியை எதிர்த்தரப்பின் கண்ணில் படாமல் செய்துவிடுகிறார்.

அவர் செய்தது சரியா? தவறா?

சற்றுப் பொறுங்கள். உங்கள் உள்ளத்தில் முதலில் எழுந்த பதில் என்னவென்று எனக்குத் தெரியும். என் உள்ளத்திலும் அதுவே எழுந்தது. மதுவை அறவே வெறுக்கும் இல்லங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். குடித்துவிட்டு மூன்று உயிர்களைப் பலி கொண்டவனுக்கு என்ன தண்டனை கொடுத்தால்தான் என்ன? ஒரு சாட்சியை மறைத்தால் வானமா இடிந்துவிடும்? கொடியவனைத் தண்டிக்கத் துடித்த அந்த வழக்கறிஞரைப் பாராட்டவல்லவா வேண்டும்!

அப்படித்தான் நானும் நினைத்தேன். பிறகு அந்த நினைப்பே என்னை உறங்கவிடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மேலே சொன்ன வழக்கு உண்மையில் நடந்ததன்று. 'லா அண்டு ஆர்டர்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1998ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு கதை. சாட்சியை மறைத்த அந்த வழக்கறிஞரின் பெயர் ஜாக் மெக்காய். அவரும் கற்பனை மனிதரே. மதரஸாவில் பாடம் சொல்லும் மனிதனுக்கு அமெரிக்கத் தொடரோடு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் சகோதரியின் மகன் இதனை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். 'என்னதான் இருக்கிறது இதில்?' என்று அருகில் அமர்ந்தவன் நான். அமர்ந்தவன் எழுந்திருக்க இரண்டு வாரமாயிற்று என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

நீங்கள் அந்தத் தொடரைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. காவல் துறையையும் நீதிமன்றத்தையும் கதைக்களமாகக் கொண்ட எந்தத் தொடரைப் பார்த்திருந்தாலும் மெக்காயை வேறொரு பெயரில் நீங்கள் சந்தித்திருப்பீர்கள்.

யார் இந்த மெக்காய்?

'லா அண்டு ஆர்டர்' 1990 செப்டம்பர் 13 அன்று தொடங்கியது. இதனை உருவாக்கியவர் டிக் உல்ஃப். தொடரின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு வாரமும் ஒரு குற்றம். முதற்பாதியில் துப்பறியும் காவலர்கள் குற்றவாளியைத் தேடிப் பிடிக்கின்றனர். பிற்பாதியில் அரசு வழக்கறிஞர்கள் அவனை நீதிமன்றத்தில் நிறுத்துகின்றனர். 2010 வரை இருபது ஆண்டுகள் ஓடி நின்ற இத்தொடர், 2022இல் மீண்டும் உயிர்பெற்றது.

1994இல் இதற்குள் வந்தவர் மெக்காய். சாம் வாட்டர்ஸ்டன் என்னும் முதுபெரும் நடிகர் அந்த வேடத்தை ஏற்றார். போலீஸ்காரரின் மகன், மோட்டார் சைக்கிளில் அலுவலகம் வருபவர், குரல் நடுங்க, விரல் நீட்டி, ஜூரிகளின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்புபவர். கையூட்டு வாங்காதவர். செல்வந்தருக்கு அஞ்சாதவர். 2024 பிப்ரவரியில் தொடரிலிருந்து அவர் விடைபெற்ற கதையிலும்கூட, நகர மேயரின் மிரட்டலுக்குப் பணியாமல் வழக்கைத் தாமே நடத்தி முடித்துவிட்டுத்தான் பதவியை விட்டு இறங்குகிறார்.

இத்தகைய மனிதரின் மீது நாம் குற்றம் சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது. கெட்டவன் செய்யும் தவறு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நல்லவர், நல்ல நோக்கத்துடன், நம் கைத்தட்டலோடு செய்யும் தவறுதான் யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

குடிகார ஓட்டுநரின் வழக்கில் மெக்காய் அவ்வளவு வெறி கொண்டதற்குக் காரணம் உண்டு. 1996இல் ஒளிபரப்பான கதையொன்றில், அவருடைய உதவி வழக்கறிஞராகவும் மனத்துக்கு நெருங்கியவராகவும் இருந்த கிளேர் கின்கெய்ட் என்னும் பெண், குடிபோதையில் வந்த ஒருவனின் கார் மோதி இறந்துபோகிறாள். அந்தக் காயம் ஆறவில்லை. இரண்டாண்டுகள் கழித்துத் தம் முன் நிறுத்தப்பட்டவனிடம் அவர் கேட்ட கணக்கு அவனுடைய கணக்கு மட்டுமன்று, வேறொருவனுடைய கணக்கும்தான்! அரசாங்கத்தின் அதிகாரம் ஒரு மனிதரின் சொந்தத் துயரத்துக்குக் கைத்தடியாயிற்று.

இறுதியில் மெக்காய் தன் நெஞ்சுக்கே அஞ்சிப் பின்வாங்குகிறார். கொலைக் குற்றச்சாட்டைக் கைவிட்டு, அதனினும் குறைந்த குற்றத்துக்கு உடன்பாடு காண்கிறார். பின்னர் வழக்கறிஞர் ஒழுங்குக் குழுவின் முன் பதில் சொல்லவும் நேர்கிறது. ஆனால் அடுத்த வாரம்? அதே மேசை, அதே நாற்காலி, அடுத்த வழக்கு! பிறிதொரு காலம், 2006இல், அவருடைய மற்றோர் உதவியாளரான பெண் வழக்கறிஞர் கொலை செய்யப்பட்டபோது, கொலையாளிகளைச் சிக்கவைப்பதற்காக ஓர் அதிகாரியின் மீது பெயருக்கொரு பொய் வழக்கையே அவர் நடத்துகிறார். பாடம் கற்றவர் செய்யும் செயலா இது?

கேமரா சொன்ன சாட்சியம்

இவ்வளவும் செய்தவரை நாம் ஏன் நேசிக்கிறோம்? நான் பல நாள் எண்ணிப் பார்த்துக் கண்ட விடை இது: நாம் முதற்பாதியைப் பார்த்துவிட்டோம்.

ஆம்! துப்பறிபவர்களோடு நாமும் நடந்தோம். அவர்கள் தட்டிய கதவுகளை நாமும் தட்டினோம். பொய் சொன்னவனின் கண் இமை துடித்ததைக் கேமரா நமக்கு மட்டும் காட்டியது. ஆகவே நீதிமன்றக் காட்சி தொடங்கும் முன்பே நாம் தீர்ப்பு எழுதிவிட்டோம். அதன் பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து பேசினால் நமக்கு எரிச்சல். முறையான ஆணையின்றி வீட்டைச் சோதனையிட்டுக் கைப்பற்றியது என்பதால் ஒரு தடயத்தை நீதிபதி ஒதுக்கிவைத்தால் நமக்குக் கோபம். 'சட்டத்தின் ஓட்டை வழியே தப்புகிறானே!' என்று நாற்காலியின் நுனிக்கு வருகிறோம். அந்த வேளையில் மெக்காய் ஏதாவது ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தால், அது நமக்கு மூச்சு விட்டாற்போல் இருக்கிறது.

உண்மையான நீதிமன்றத்தில் இந்த முதற்பாதியை யாரும் பார்த்ததில்லை. நீதிபதி பார்க்கவில்லை. ஜூரிகள் பார்க்கவில்லை. அரசு வழக்கறிஞரும் பார்க்கவில்லை! அவரிடம் இருப்பது காவலர்கள் கொண்டுவந்த ஒரு கோப்பு. 'இவன்தான்' என்ற அவருடைய உறுதி அந்தக் கோப்பிலிருந்து பிறந்த ஊகம். அந்த ஊகத்தைச் சோதிப்பதற்குத்தான் விசாரணை என்ற ஒன்றே இருக்கிறது. சோதனையில் தமக்கு எதிராகப் போகக்கூடிய சாட்சியைச் சோதனைக்கு முன்பே அவர் மறைத்துவிட்டால் பிறகு விசாரணை எதற்கு?

தொடரை எழுதியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1996இல் வந்த 'டிராஃபி' என்னும் கதையே அதற்குச் சான்று. சிறுவர்களைக் கொன்றதாக ஒருவனை மெக்காய் முன்பு சிறைக்கு அனுப்பியிருக்கிறார். அவர் பெயரை உயர்த்திய வழக்கு அது. ஆண்டுகள் சென்றபின், அதே பாணியில் இன்னொரு சிறுவன் கொல்லப்படுகிறான். அப்படியானால் சிறைக்குள் இருப்பவன் யார்? கோப்புகளைக் கிளறும்போது உண்மை வெளிப்படுகிறது. அந்தப் பழைய வழக்கில் மெக்காயின் உதவியாளராக இருந்த டயானா ஹாத்தோர்ன் என்னும் பெண், குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சாதகமான சான்றை மறைத்துவிட்டாள். எதற்காக? அவர் மீது கொண்ட காதலுக்காக. அவர் வெல்ல வேண்டும் என்பதற்காக!

மறைக்கும்படி மெக்காய் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் வெற்றியே இவருக்கு எல்லாம் என்று அவள் எங்கிருந்து கற்றாள்? தலைவர் எதை மெச்சுகிறாரோ அதைத் தொண்டர் செய்து முடிப்பார். சொல்லித்தான் செய்ய வேண்டுமென்பதில்லை. நான் பார்த்த கதைகளுள் என்னை மிகவும் உலுக்கியது இதுவே. ஏனெனில் இங்கே கேமராவும் நம்மைக் காப்பாற்றவில்லை. நாமும் அந்தப் பழைய வழக்கைப் பார்க்கவில்லை அல்லவா? மெக்காய் எவ்வளவு குருடராக இருந்தாரோ அவ்வளவு குருடராக நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935இலேயே, பெர்கர் என்பவரின் வழக்கில், அரசு வழக்கறிஞரின் கடமை எது என்று தெளிவாக்கிவிட்டது. வழக்கில் வெல்வது அவருடைய வேலையன்று, நீதி நடைபெறச் செய்வதே வேலை. வலுவாக அடிக்கலாம், ஆனால் முறைகேடாக அடிக்கக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 1963இல் பிராடி என்பவரின் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பிராடியும் அவனுடைய கூட்டாளியும் சேர்ந்து செய்த கொள்ளையில் ஒருவர் கொலையுண்டார். 'கொன்றவன் நானே' என்று கூட்டாளி கொடுத்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு பிராடியின் வழக்கறிஞருக்குக் காட்டவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை, கேட்டும் கொடுக்காமல் மறைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் அறிவித்தது. மெக்காய் சாட்சியை மறைத்த கதை வெளிவருவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விதி இது!

விதி இருக்கிறது. ஆனால் விதியை மீறியவருக்கு என்ன தண்டனை? இங்குதான் கதை கசக்கத் தொடங்குகிறது. வழக்கு நடத்தும் பணியில் செய்த செயல்களுக்காக அரசு வழக்கறிஞரின் மீது இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்று 1976இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறையில் பெரும்பாலும் ஒழுங்குக் குழுவே மிச்சம்.

டெக்சாஸ் மாநிலத்தின் மைக்கேல் மார்ட்டனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1986இல் அவருடைய மனைவி வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் வேலைக்குச் சென்ற பின் நடந்த கொலை. மூன்று வயதுப் பாலகன் அதைப் பார்த்திருந்தான். 'ஒரு ராட்சதன் வந்தான். அப்பா வீட்டில் இல்லை' என்ற கருத்துப்பட அந்தக் குழந்தை தன் பாட்டியிடம் சொன்னது காவல்துறைக் கோப்பில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு மார்ட்டனின் வழக்கறிஞர் கைக்கு வரவே இல்லை. 1987இல் அவருக்கு ஆயுள் தண்டனை. வீட்டுக்கு அருகே கிடந்த ஒரு கைக்குட்டையின் இரத்தக் கறை பல்லாண்டுகள் கழித்து மரபணுச் சோதனைக்கு உட்பட்டபோது, அது வேறொருவனைச் சுட்டிக்காட்டியது. மார்ட்டன் 2011இல் வெளியே வந்தார். உள்ளே கழிந்தவை ஏறத்தாழ 25 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் உண்மைக் கொலையாளி 1988இல் இன்னொரு பெண்ணையும் கொன்றுவிட்டிருந்தான்.

வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் கென் ஆண்டர்சன் அதற்குள் நீதிபதியாகவே உயர்ந்துவிட்டிருந்தார். 2013இல் அவர் தம் வழக்கறிஞர் உரிமத்தைத் துறந்தார். அவருக்கு விதிக்கப்பட்ட சிறைத் தண்டனை 10 நாட்கள். அதிலும் பாதியே அனுபவித்தார். 25 ஆண்டுகளுக்கு ஈடாக ஐந்து நாட்கள்! ஆயினும் இதையும் ஓர் அரிய நிகழ்ச்சியாகவே அந்நாட்டுச் சட்ட அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். ஏனெனில் அரசு வழக்கறிஞர் ஒருவர் சிறை வாசலை மிதிப்பதே அபூர்வம்.

மெக்காயின் இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உண்மையை ஒப்புக்கொள்ள மறுப்பவனின் மனைவியையோ மகனையோ வழக்கில் சேர்த்துவிடுவதாக மிரட்டுவார். அவன் உடைந்துபோய்க் கையெழுத்திடுவான். தொடரில் அது சாதுரியமாகத் தோன்றும். உண்மை வாழ்வில் அந்த நாட்டு நீதிமன்றங்களின் பெரும்பான்மை வேலையே இத்தகைய பேரம்தான். மாநில நீதிமன்றங்களில் குற்றத் தீர்ப்புகளுள் நூற்றுக்கு 94 பேரத்தின் வழியே, குற்றத்தை ஒப்புக்கொள்வதால் கிடைப்பவை என்று 2012இல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. கென்டக்கி மாநிலத்தில் பால் ஹேய்ஸ் என்பவன் 88 டாலர் 30 சென்ட்டுக்கு ஒரு பொய்க் காசோலை கொடுத்தான். 'ஒப்புக்கொள், ஐந்தாண்டு வாங்கித் தருகிறேன். மறுத்தால் பழைய வழக்குகளையும் சேர்த்து ஆயுள் தண்டனை கேட்பேன்' என்றார் அரசு வழக்கறிஞர். அவன் விசாரணையைக் கேட்டான். ஆயுள் தண்டனையே கிடைத்தது. இதில் தவறில்லை என்று 1978இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், தீர்ப்புக் கூறியது. 88 டாலருக்கு ஓர் ஆயுள்!

இடையில் ஒரு பழைய நினைவு. மெக்காய்க்கு முன்னோடியாக 1957 முதல் 1966 வரை 'பெர்ரி மேசன்' என்ற தொடரில் ஹாமில்டன் பர்கர் என்றொரு அரசு வழக்கறிஞர் வந்தார். வாரா வாரம் நிரபராதி ஒருவரையே நீதிமன்றத்தில் நிறுத்தி, வாரா வாரம் தோற்பார். மக்கள் சிரித்தனர். ஆனால் அந்தத் தோல்விகளில் ஒரு நன்மை இருந்தது: அரசு வழக்கறிஞரும் தவறக்கூடும் என்று பார்வையாளர் ஒவ்வொரு வாரமும் கற்றனர். அந்த வேடத்தில் நடித்த வில்லியம் டால்மனே 1960இல் ஒரு விருந்தில் நடந்த போலீஸ் சோதனையில் கைதானார். தொலைக்காட்சி நிறுவனம் விசாரணைக்குக்கூடக் காத்திராமல் அவரை வேலையை விட்டு நீக்கியது! நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்த பின்னரும் பல மாதங்கள் கழித்தே அவரால் மீண்டும் நடிக்க வர முடிந்தது. திரையில் நிரபராதிகளைத் துரத்தியவருக்கு வாழ்க்கை வைத்த பரீட்சை போலும்.

அதே அலுவலகம்

மெக்காய் பணிபுரிவதாகக் காட்டப்படும் அலுவலகம் கற்பனையன்று. மன்ஹாட்டன் பகுதியின் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் உண்மையிலேயே உள்ளது. அதன் தலைவரை அங்கே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். 1975 முதல் 2009 வரை அப்பதவியில் இருந்தவர் ராபர்ட் மார்கன்தா. தொடரின் தொடக்க ஆண்டுகளில் மெக்காயின் மேலாளராக வரும் ஆடம் ஷிஃப் என்னும் பாத்திரம் அவரை மனத்தில் வைத்தே படைக்கப்பட்டது.

இந்தத் தொடர் தொடங்கிய அதே 1990இல், அந்த உண்மையான அலுவலகம் ஒரு பெரிய வழக்கை நடத்திக்கொண்டிருந்தது. 1989 ஏப்ரல் 19 இரவு, சென்ட்ரல் பார்க் என்னும் பூங்காவில் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஓர் இளம்பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டு மானபங்கப்படுத்தப்பட்டார். நகரமே கொதித்தது. 14 வயது முதல் 16 வயது வரையிலான ஐந்து சிறுவர்கள், அனைவரும் கறுப்பினத்தையோ லத்தீன் இனத்தையோ சேர்ந்தவர்கள், பிடிக்கப்பட்டனர். மணிக்கணக்கான விசாரணைக்குப் பின் ஒப்புதல் வாக்குமூலங்கள் பெறப்பட்டன. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. மரபணுச் சோதனை ஐவரில் எவரோடும் பொருந்தவில்லை. இருந்தும் வழக்கு நின்றது, வென்றது. 1990 ஆகஸ்டில் மூவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. செப்டம்பரில் 'லா அண்டு ஆர்டர்' முதன்முதலாகத் திரைக்கு வந்தது. டிசம்பரில் மற்ற இருவருக்கும் எதிராகத் தீர்ப்பு.

அந்த ஐவருள் ஒருவர் யூசுஃப் சலாம். கைதானபோது வயது 15. முஸ்லிம் இளைஞர். ஏறத்தாழ ஏழாண்டுகள் சிறையில் இருந்தார். 2002இல் வேறொரு கைதி, தான் மட்டுமே அக்குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டான். மரபணுவும் அவனுடையதாகவே இருந்தது. தண்டனைகளை நீக்கும்படி அதே மார்கன்தாவின் அலுவலகமே நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. சான்றை மறைப்பதைக் கண்டித்து எழுதுபவன் தனக்கு ஒவ்வாத சான்றை மறைக்கலாமா? 2014இல் நகர நிர்வாகம் ஐவருக்கும் சேர்த்து 4 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. 2023இல் யூசுஃப் சலாம் நியூயார்க் நகர மன்றத்துக்கு ஹார்லம் பகுதியிலிருந்து உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த வழக்கறிஞர்கள் கொடியவர்களா? நான் அப்படிச் சொல்லவில்லை. சிதைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் உண்மையாகவே நினைத்திருக்கலாம். 'இவர்கள்தாம்' என்று உறுதியாக நம்பியுமிருக்கலாம். மெக்காயும் ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் நம்புகிறார். இருவருக்கும் ஒரே வேறுபாடு, மெக்காயின் நம்பிக்கை சரியாக இருக்கும்படி கதாசிரியர் எழுதித் தருகிறார்.

இதே அலுவலகத்தின் இன்னொரு வழக்கு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. 1965 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கின் ஆடுபான் அரங்கில் மால்கம் எக்ஸ், அதாவது அல்ஹாஜ் மாலிக் அல் ஷபாஸ், சுட்டுக் கொல்லப்பட்டார். 1966இல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு, 'மற்ற இருவருக்கும் இதில் பங்கில்லை' என்றும் மன்றத்திலேயே கூறினார். யாரும் செவிசாய்க்கவில்லை. அந்த இருவர் முகம்மது அஜீஸ், கலீல் இஸ்லாம். இருவரும் 20 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்து 1980களின் நடுப்பகுதியில் வெளியே வந்தனர். கொலைகாரர்கள் என்ற பெயரோடுதான் வந்தனர். கலீல் இஸ்லாம் 2009இல் அந்தப் பெயருடனேயே இறந்துபோனார்.

2021இல் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் மறு ஆய்வு செய்தபோது, எஃப்.பி.ஐ.யும் நகரக் காவல்துறையும் இவ்விருவருக்கும் சாதகமான சான்றுகளைத் தம்மிடமே வைத்திருந்தது தெரியவந்தது. கொலை நடந்த அரங்கில் மாறுவேடக் காவலர்கள் இருந்ததை அன்றைய அரசு வழக்கறிஞர்கள் அறிந்திருந்தும் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கவில்லை என்பதும் புலனாயிற்று. 55 ஆண்டுகள்! ஒரு சாட்சியை எதிர்த்தரப்பின் கண்ணில் படாமல் செய்வது என்றால் என்ன என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

கட்டுரையின் தொடக்கத்தில் நான் வைத்த வழக்குக்குத் திரும்புங்கள். அந்தக் குடிகாரன் குற்றவாளிதான், ஐயமில்லை. அவன் தண்டிக்கப்பட வேண்டியவனே. ஆனால் எந்தக் குற்றத்துக்கு? செய்த குற்றத்துக்கா, செய்யாத குற்றத்துக்கா? நிய்யத் என்ற சொல்லைப் பாலகப் பருவம் முதல் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு செயலின் எடை அதன் நோக்கத்தோடு எவ்வாறு பின்னிக்கிடக்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனிடம் இல்லாத நோக்கத்தை இருந்ததாகக் காட்டுவதற்கு ஒரு சாட்சியை மறைத்தாக வேண்டியிருந்தது. அந்த மறைப்புக்கு நாமும் தலையசைத்தோம். ஏன்? அவன் மீது நமக்கிருந்த வெறுப்பு நியாயமான வெறுப்பு. 1990இல் நியூயார்க் மக்கள் அந்த ஐந்து சிறுவர்கள் மீது கொண்ட வெறுப்பும் அவர்கள் கண்ணுக்கு நியாயமாகவே தெரிந்தது.

தொடரைப் பார்க்காதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை; பார்த்தவன் சொன்னால் அது எடுபடாது. அன்றிரவு அந்தக் கதை முடிந்ததும் சகோதரியின் மகனிடம், 'சாட்சியை மறைத்தது சரிதானா?' என்று கேட்டேன். 'கடைசியில் விட்டுக்கொடுத்துவிட்டாரே மாமு' என்றான் அவன். விட்டுக்கொடுத்திராவிட்டால்? அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த கதையைப் போட்டான்.

2021 நவம்பர் 18 அன்று நியூயார்க் நீதிமன்றம் அந்த இருவரின் தண்டனையையும் நீக்கியது. மாவட்ட அரசு வழக்கறிஞர் சைரஸ் வான்ஸ் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். முகம்மது அஜீஸுக்கு அப்போது 83 வயது. தாம் நிரபராதி என்பதைத் தமக்குச் சொல்ல இந்த மன்றமோ, இந்த வழக்கறிஞர்களோ, ஒரு காகிதமோ தேவையில்லை என்று அவர் கூறினார். கலீல் இஸ்லாமின் சார்பில் அவருடைய மக்கள் வந்திருந்தனர்.

மூன்று மாதங்கள் கழித்து, 2022 பிப்ரவரியில், 'லா அண்டு ஆர்டர்' மீண்டும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதே மன்ஹாட்டன் அலுவலகத்தின் தலைமை நாற்காலியில், தலை முழுதும் நரைத்து, ஜாக் மெக்காய் அமர்ந்திருந்தார்.